ரஸ்க்கின் கல்லீரல் படம்

கண்ணா,

போன சனிக்கிழமை காலை ஷர்மிளா வந்தாள். உங்கள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டுவதற்கு. விவேக் நகரிலிருந்து ஆட்டோ. மர்பி டவுனில் நம் சந்துக்குள் வரமாட்டேன் என்று ஆட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். வேர்த்துப்போய் வந்தாள். உன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள், அது யாருடையது என்று தெரியாமல். பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் ‘திருமதி’. அப்பா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’. இரண்டையும் பார்த்துவிட்டுச் சரி என்றேன். அவள் பத்திரிகையை உறைக்குள் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?”

“கேளும்மா.”

“அவர் ஏன் எதுலயும் சைன் பண்ண மாட்டேங்கறார்? ஹைதராபாத் வீட்டு அக்ரிமென்ட் நான் போட்டேன். மண்டபம் நான். போட்டோகிராஃபர் நான். சாப்பாட்டுக்காரர்கூட நான்தான். கேட்டா, ‘நீயே முடிவு பண்ணு, நான் ஒருவாட்டி சைன் பண்ணி ஒரு உயிர் போச்சு’ங்கறார். சிரிச்சுக்கிட்டே சொல்றார். அந்தச் சிரிப்பு நல்லா இல்ல ஆன்ட்டி. யாரு செத்தது?”

“நாய்ம்மா. ரஸ்க்னு ஒரு நாய்.”

“நாயா,” என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் டீ போட எழுந்துவிட்டேன். டீ குடித்தாள், போனாள். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. நாலு வருடமாகச் சொல்லாமல் இருந்து பழகிய வாய்.

ரஸ்க் செத்தது உன் கையெழுத்தால் இல்லை. நான் எடுத்த படம் தப்பு. தப்பு என்று ஆபரேஷனுக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரியும் என்பதைக்கூட நான் இப்போது கொஞ்சம் மெல்லச் சொல்கிறேனோ என்னவோ. சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம் சரிதான் என்று கை சொன்னது. வாய் சொல்லவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி, உறையை ஒட்டி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் மறுபடியும் மறைத்ததாக ஆகும். நீ படித்துவிட்டு, ‘விடும்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லி, அதோடு நாம் இரண்டு பேரும் சேர்ந்து மறைப்போம். அதனால் உறையின் மேல் உங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஷர்மிளா படிக்கட்டும். ரஸ்க்குக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் சுமாவுக்கு ஒரு பிரதி போகிறது. என் வேலையைச் செய்கிற மற்றவர்களும் படிக்கும்படி எங்கள் சங்கத்தின் மலருக்கு ஒன்று. உனக்குத் தெரிந்ததையெல்லாம் நான் முதலிலிருந்து சொல்வது அவர்களுக்காக. பொறுத்துக்கொள்.

நான் காமா கேமரா ஓட்டுகிறவள். மனிதர்களுக்கு. உடம்புக்குள் கொஞ்சம் கதிர்வீசும் மருந்தைச் செலுத்தி, அது எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று வெளியிலிருந்து பார்க்கிற இயந்திரம். எக்ஸ்ரே போல எலும்பைக் காட்டாது. உறுப்பு வேலை செய்கிறதா என்று காட்டும். எங்கள் ஸ்கேன் சென்டர் புதிய கேமரா வாங்கியபோது, பழையதை நகரின் வடக்கு ஓரத்தில் ஒரு தனியார் விலங்கு மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். ஒன்பது வருடம் நான் ஓட்டிய கேமரா. அதன் தலை இடது பக்கம் லேசாகச் சாயும். சூடேறினால் ஒரு மூலை மங்கும். இதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூப்பிட்டார்கள். நான் போனேன். பெருமையாக இருந்தது. சர்ச்சில் பூசைக்குப் போகாமல் நாய்களுக்குப் போகிறாள் என்று உன் அப்பா எல்லோரிடமும் சொன்னார். அவருக்கும் பெருமைதான்.

இந்த வேலைக்கு நான் ஏன் வந்தேன் என்று உனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். பாதிதான் சொன்னேன். கோலார் தங்கவயலில், சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த என் அப்பாவின் நெஞ்சுப் படத்தை எனக்குப் பதினொரு வயதில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அம்மா என் கையிலிருந்து பிடுங்கினாள். பாயை மடித்து அதற்குள் வைத்தாள். “அவருகிட்ட சொல்லாதே. சொன்னா வேலைக்குப் போமாட்டார்.” நான் சொல்லவில்லை. அவர் இன்னும் இரண்டு வருடம் இறங்கினார். பிறகு இறங்க முடியவில்லை. படத்தை மறைக்கிறவளாக நான் இருக்கமாட்டேன் என்று அப்போது முடிவு செய்தேன். இதுவரை உனக்குச் சொன்னது. சொல்லாத பாதி: அம்மாவுக்கும் ஒரு காரணம் இருந்தது. வீட்டில் நாலு பேர் சாப்பிட வேண்டியிருந்தது. எனக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை.

ரஸ்க்கை நீ பேக்கரிக்குப் பின்னால் கண்டெடுத்தாய். கல்லூரி கடைசி வருடம். உடைந்த ரஸ்க் கொட்டும் டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வால் மட்டும் வெளியே. நிறமும் அதே நிறம். சாதாரணத் தெரு நாய். தெருவின் மற்ற நாய்களைவிடச் சின்னதாகவே இருந்தது, இரண்டு வயதிலும். நாம் அதைச் செல்லம் என்று நினைத்தோம். பிறகு அந்தச் சாயங்காலங்கள். கறி போட்ட அன்றைக்குச் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சுவரருகே போய் நிற்கும். நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்தும். கூப்பிட்டால் திரும்பாது. வாயில் எச்சில் ஒழுகும். வட்டம் வட்டமாக நடக்கும். “இன்னாடா இது, குடிச்சுட்டு வந்தவன் மாதிரி,” என்று அப்பா முதல் தடவை சிரித்தார். இரண்டாவது தடவை அவர்தான் அதன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது தெளியும் வரை. கை மரத்துப்போய்விட்டது என்றார்.

டாக்டர் சுமா ரத்தம் பார்த்தார். கல்லீரல் சரியில்லை. ஏன் என்பதில் இரண்டு வழி. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகவேண்டும். அங்கே அதிலுள்ள நஞ்சு நீங்கி, பிறகு இதயத்துக்கு. சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். ஷன்ட் என்பார்கள். ரத்தம் கல்லீரலைத் தொடாமல் அதன் வழியாக நேரே இதயத்துக்குப் போய்விடும். நஞ்சு மூளைக்கு ஏறும். அப்படியென்றால் ஆபரேஷன் செய்து அந்தக் குழாயைக் கட்டலாம். நாய் பிழைக்கும், சில சமயம் நன்றாகவே. இரண்டாவது வழி, குறுக்குக் குழாய் எதுவும் இல்லை, கல்லீரலே கெட்டுப்போயிருக்கிறது. அப்படியென்றால் மருந்து, பத்தியம், முடிந்தவரை. அந்தக் கல்லீரலை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. வயிற்று ஸ்கேனில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் சி.டி. எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கே முழு மயக்கம் வேண்டும். ரஸ்க் தாங்குமா என்று டாக்டருக்குப் பயம். “உங்க கேமரா இருக்கே,” என்றார் என்னிடம். “லேசா தூக்கம் வர ஊசி போதும். நீங்களே பண்ணுங்க. உங்க பையன்தானே அவன்.”

வீட்டு நாயை நானே செய்யக்கூடாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வேறு யாரும் அதை என்னைவிட நன்றாகச் செய்யமுடியாது என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை. மெல்லிய குழாய் ஒன்றை நாயின் பின்வழியாகப் பெருங்குடலுக்குள் விட்டு, அதன் வழியே டெக்னீஷியம் என்கிற கதிர்வீசும் மருந்து கொஞ்சம், பின்னாலேயே கொஞ்சம் காற்று. சில நொடிகளுக்கு ஒரு படம் என்று கேமரா எடுத்துக்கொண்டே போகும். முதலில் கல்லீரல் ஒளிர்ந்து, பிறகு இதயம் ஒளிர்ந்தால் ஷன்ட் இல்லை. இதயம் முதலில் ஒளிர்ந்தால் ஷன்ட். பார்க்கிற யாருக்கும் புரியும், அவ்வளவு எளிது. ஒன்றே ஒன்று கவனிக்கவேண்டும். குழாய் போதுமான ஆழம் போகவேண்டும். வால் பக்கம் கடைசிப் பகுதியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் கல்லீரலுக்குப் போவதில்லை. நேராக இதயத்துக்குப் போகிற பெரிய நாளத்தில் சேருகின்றன. எல்லா நாய்க்கும் அப்படி. மருந்தை அங்கே விட்டால் நல்ல நாய்க்குக்கூட இதயம்தான் முதலில் ஒளிரும். இது எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது.

நாகப்பா நாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மருத்துவமனையில் இருபது வருடமாக நாய் பிடிக்கிற மனிதர். “பாரோ, வாடா மகராஜா, படுத்துக்கோ. உன்னை போட்டோ எடுக்கறாங்க, கல்யாணத்துக்கு,” என்று ரஸ்க்கின் காதில் சொன்னார். ஊசி போட்டும் அது முழுதாகத் தூங்கவில்லை. குழாயை விட்டேன். பாதியில் முனகியது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் நிறுத்தினேன்.

“இன்னும் ஸ்வல்ப உள்ள போகணும் அல்வா மேடம்?” என்றார் நாகப்பா. இன்னும் கொஞ்சம்தானே என்று.

“போதும்ப்பா. வலிக்குது அதுக்கு.”

அவர் ரஸ்க்கின் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் வேலை பிடிப்பது. நான் மருந்தைச் செலுத்தினேன். வேறு எந்த நாயாக இருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டேன். அந்த மேசையில் எத்தனையோ நாய்கள் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கின்றன.

இன்னொன்று. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு தாள் உண்டு. நாயின் பெயர், எடை, மருந்தின் அளவு, குழாய் சென்ற ஆழம், செய்தவர் கையெழுத்து. மருந்தைத் தொட்ட கையுறையோடு பேனாவைத் தொடக்கூடாது. தொட்டால் பேனா, தாள், மேசை எல்லாவற்றிலும் கதிர் ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். தாளை முன்கூட்டியே நிரப்பிவிடுவோம். ஆழம் என்ற இடத்தில் எப்போதும் எழுதுகிற அளவை எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் கையுறை மாட்டுவோம். மாறினால் பிறகு திருத்தவேண்டும். ரஸ்க்கின் தாளில் நான் எழுதியது குழாய் உள்ளே போவதற்கு முன்பு. போன பிறகு திருத்தவில்லை. டாக்டர் சுமா அந்த எண்ணைப் படித்தார். நம்பினார். நம்பாமல் இருக்க என்ன காரணம்? என் கையெழுத்து இருந்தது.

திரையில் இதயம் முதலில் ஒளிர்ந்தது. நீ கதவுக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். ஞாபகம் இருக்கிறதா? ஷன்ட் என்றால் கட்டலாம்.

அன்று முழுவதும் அதைத் தனிக்கூண்டில் வைத்திருந்தோம். உடம்பில் கதிர் குறையும் வரை யாரும் தொடக்கூடாது. தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நீ உட்கார்ந்தாய். “தொடவே கூடாதாம்மா? ஒரு விரல்?” “நாளைக்குத் தொடு. எங்கே போயிடப் போகுது?” நான் கதிரை அளக்கும் மீட்டரைக் கூண்டருகே நீட்டியபோது அது டிக் டிக் என்று அடித்தது. ரஸ்க் காதைத் தூக்கி அந்தச் சத்தத்துக்கு வாலை ஆட்டியது. நீ சிரித்தாய். “மீட்டருக்கு ஃபேன் ஆயிட்டான்மா.” சாயங்காலம் வரை அந்த நாற்காலியில் இருந்தாய். அதனிடம் என்னவோ பேசிக்கொண்டே. நான் கேட்காத தூரம்.

வீட்டில் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “மருந்துலயே ஓட்டலாம்டா. அறுக்கறதெல்லாம் வேணாம். தாங்காது அது.”

“படத்துல தெளிவா இருக்குப்பா. நீங்க என்ன டாக்டரா?”

“நான் எலக்ட்ரீஷியன்டா. கரென்ட் தப்பா போற மாதிரி காட்டுச்சுன்னா, நான் முதல்ல மீட்டரைத்தான் சந்தேகப்படுவேன். சுவரை உடைக்க மாட்டேன்.”

“அம்மா எடுத்த படம்ப்பா அது!”

“அதான் சொல்றேன்,” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கிண்டல்தான். நீ கோபமாக எழுந்து போனாய். நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும், குழாயை நிறுத்திய இடம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து ரஸ்க்கின் படங்களை முதலிலிருந்து ஓட்டினேன். இதயத்தைப் பார்க்கவில்லை. கல்லீரலையும் பார்க்கவில்லை. மருந்து முதலில் எங்கே விழுந்தது என்று பார்த்தேன். முதல் படம். வால் பக்க ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. இருக்கவேண்டிய இடத்திலிருந்து நாலு விரல் பின்னால். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணத் தவறினேன், சோறு குழைந்துவிட்டது, நீ அதைச் சாப்பிட்டாய். செய்யவேண்டியது சின்ன வேலை. டாக்டர் சுமாவுக்கு ஒரு போன். ‘குழாய் ஆழமாகப் போகவில்லை, அடுத்த ஞாயிறு திரும்ப எடுத்துவிடலாம்.’ ஆறு நாள். போன் கையிலேயே இருந்தது.

நீ முன்னறையிலிருந்து கேட்டாய். “அம்மா, ஷன்ட்னா சரியாயிடும்ல?”

“ஆயிடும்டா.”

ஏன் சொன்னேன்? இதை நாலு வருடம் யோசித்திருக்கிறேன். திரும்ப எடுத்து முதலில் கல்லீரல் ஒளிர்ந்தால்? அப்போது கட்டுவதற்குக் குழாய் இல்லை. ஆபரேஷன் இல்லை. தெளியும் வரை சுவருக்கும் அதன் தலைக்கும் நடுவே கையை வைத்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். தப்பான படத்தில்தான் ரஸ்க் பிழைத்தது. எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதை விட்டுவிட்டால் நான் என்னை நல்லவளாகக் காட்டியதாகும். எங்கள் சென்டரில் நான் ஸ்கேனைத் திரும்ப எடுக்காதவள் என்று பெயர். மற்றவர்கள் எடுத்த மோசமான படங்களை என்னிடம் கொண்டுவருவார்கள். தாளில் வேறு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வயிற்றைத் திறந்தால் டாக்டரே பார்த்துவிடுவார்தானே, இல்லையென்றால் மூடிவிடுவார்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கல்லீரல் மயக்க மருந்தைத் தாங்காது என்று என்னிடம்தான் முதலில் சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை காலை ஆபரேஷனுக்கான சம்மதத் தாளை உன்னிடம் நீட்டினார்கள். நாய் உன் பெயரில் பதிவாகியிருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. நீ போட்டாய். அழகான, முழுக் கையெழுத்து. வங்கியில் போடுவது போல. அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

டாக்டர் சுமா பச்சை அங்கியோடு வெளியே வந்தபோது மத்தியானம்கூட ஆகவில்லை. குறுக்குக் குழாய் எதுவும் இல்லை என்றார். கல்லீரல் சின்னதாக, முடிச்சு முடிச்சாக, கெட்டியாக இருந்தது என்றார். மூடிவிட்டோம், எழவில்லை என்றார். கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டார், என்னிடம்! “சில சமயம் படம் இப்படி ஏமாத்திடும் மேடம்,” என்றார். நான் ஆமாம் என்றேன். நாகப்பா கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் எதுவும் சொல்லவில்லை, இன்றுவரை. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. வேலை அதிகம் என்றேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ நடுவில் உட்கார்ந்திருந்தாய். “நான்தானே சைன் பண்ணேன்,” என்றாய். “அப்பா வேணாம்னார். நான்தான் பண்ணேன்.” திரும்பத் திரும்ப அதையே. அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார், கண்ணா. முகத்தை உன்னிடம் காட்டக்கூடாது என்று அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். என் கை உன் முதுகில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். அல்சூர் சிக்னலில் நீண்ட நேரம் நின்றோம். ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.

அந்த வருடமே நீ ஹைதராபாத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய். போனில் அப்பாவிடம் “சாப்ட்டீங்களா”, “மாத்திரை போட்டீங்களா”. இரண்டே கேள்வி. அவர் போனை என்னிடம் தந்துவிட்டு ரேடியோவைத் திருகுவார். ஒருநாள் கேட்டார்: “அவன் ஏன் என்கூட பேச மாட்டேங்கறான்? நான் எதாவது சொன்னேனா?” நான், “வேலைங்க, பாவம்,” என்றேன். அவர் நம்பினார். பத்து வருடம் மின்கம்பத்தில் ஏறிய மனிதர், ஒரு கிண்டலில் உண்மையைச் சொன்னவர், நான் சொன்னதை எப்போதும் நம்பினார். அவர் போய்ப் பதினாறு மாதம். நீ ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கியபோது முடிந்திருந்தது. அவர் உன்னை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. அதை அவர் வாயால் கேட்கிற வழியை நான் அடைத்துவிட்டேன். ரஸ்க்குக்குச் செய்ததைவிட இது பெரிது. இதற்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, திரும்ப எடுக்க.

கல்யாணத்துக்கு முன் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் புத்தி சொல்வார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. தெரிந்தது இரண்டு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். உனக்குப் பிடித்த பதில் கிடைத்தால் அதைத் திரும்ப ஒருமுறை பார். பிடிக்காத பதிலை நாம் எல்லோரும் தானாகவே திரும்பப் பார்ப்போம். இன்னொன்று, ஷர்மிளாவிடம் ஒரு தப்பைச் சொல்லவேண்டி வந்தால் அன்றைக்கே சொல். மறுநாள் அதைச் சொல்ல இரண்டு தப்பைச் சொல்லவேண்டும். நாலு வருடம் கழித்து இத்தனை பக்கம் ஆகிறது.

ரஸ்க் எப்படியும் செத்திருக்கும் என்று உனக்குத் தோன்றும். யாராவது சொல்வார்கள். அந்தக் கல்லீரலோடு மாதங்கள் இருந்திருக்கலாம், ஒரு வருடம் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அந்த நாட்கள் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொல்லமுடியாது. எப்படியும் செத்திருக்கும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அது எனக்கு வசதியான வாக்கியம். வசதியானதை நான் நிறையச் சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். தந்துவிட்டு அந்தச் சிரிப்பைச் சிரிப்பாய்.

இந்த உறைக்குள் மூன்று தாள் இருக்கின்றன. முதலாவது, அந்த ஞாயிற்றுக்கிழமையின் முதல் படம். வால் பக்க ஓரத்தில் இருக்கிற பொட்டைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். இரண்டாவது, ஸ்கேன் தாள். ஆழம் என்ற இடத்தில் இருக்கிற எண் பொய். அதன் கீழே இருப்பது என் கையெழுத்து. மூன்றாவது, நீ போட்ட சம்மதத் தாளின் நகல். பீரோவில் இவ்வளவு நாளும் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன், பாய்க்குள் படத்தை மறைத்த என் அம்மா மாதிரி. மூன்று தாளிலும் தேதி இருக்கிறது. என்னுடையது உன்னுடையதற்கு மூன்று நாள் முந்தையது. அந்த வரிசையில் படி.

அடுத்த மாதம் கோயிலில் ஃபாதர் பெரிய பதிவேட்டைத் திறந்து உன்னிடம் பேனாவை நீட்டுவார். அதில் ஷர்மிளா உனக்காகப் போடமுடியாது. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடவேண்டும் என்றுதான் இன்று தபாலில் சேர்க்கிறேன். போன் செய்யாதே. போனில் நான் அழுதுவிடுவேன், நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். நான் வரலாமா வேண்டாமா என்பதை மட்டும் ஷர்மிளாவிடம் சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றால், அதை நீயே முடிவு செய்ததாக இருக்கட்டும்.

அம்மா